புது டி.எஸ்.எல்.ஆர். வாங்கிய முதல் வாரம்: சேலத்திலும் ஏற்காட்டிலும் எதை, எப்படிச் சோதிப்பது?

கேள்வி இது: “சேலத்தில் நிக்கான் டி7500, கூடவே 18-140 லென்ஸ் வாங்கியிருக்கிறேன். முதல் நாள் எடுத்த படங்கள் மொபைல் படத்தைவிட இருட்டாகவும் மங்கலாகவும் இருக்கின்றன. கேமராவில் கோளாறா? மாற்றித் தர வேண்டுமானால் ஒரு வாரத்துக்குள் வரச் சொல்லியிருக்கிறார் கடைக்காரர். அதற்குள் என்னென்ன பார்க்க வேண்டும்? ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு போகிறோம், அங்கே எதை எடுத்துப் பார்ப்பது?”

கோளாறாக இருக்க வாய்ப்பு குறைவு. மொபைலில் ஒருமுறை தொட்டால் அது பல ஃப்ரேம்களை எடுத்து ஒன்றாக ஒட்டுகிறது, நிழலைத் தூக்குகிறது, வானத்தை அடக்குகிறது, ஓரங்களைக் கூர்மையாக்குகிறது. அதற்குப் பிறகுதான் உங்களுக்குக் காட்டுகிறது. டி7500 எடுப்பது ஒரே ஒரு ஃப்ரேம். மீதி வேலையை உங்களிடம் விட்டுவிடுகிறது. இன்னொன்று, மொபைலின் குட்டி சென்சாரில் முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் ஏறக்குறைய எல்லாமே தெளிவாக விழும். இந்த லென்ஸை 140 எம்.எம். வரை இழுத்து, எஃப் 5.6-ல் (லென்ஸ் துளையின் அளவு; எண் கூடினால் துளை சிறிதாகும்), 3 மீட்டர் தள்ளி நிற்பவரை எடுத்தால் தெளிவு விழும் ஆழம் சுமார் 10 சென்டிமீட்டர்தான். மூக்கு நுனியில் ஃபோகஸ் விழுந்தால் காது மங்கிவிடும். அதைக் கோளாறு என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால், கடைக்காரர் எதிரிலேயே நல்ல படம் ஒன்றை எடுத்துக் காட்டி அனுப்பிவிடுவார்.

அதற்காகச் சோதிக்காமல் விட்டுவிடவும் கூடாது. மங்கலுக்கு பாடி (லென்ஸ் இல்லாத கேமரா) காரணமாக இருக்கலாம், லென்ஸ் காரணமாக இருக்கலாம், நீங்கள் வைத்திருக்கும் செட்டிங் காரணமாக இருக்கலாம். மூன்றையும் பிரித்துப் பார்க்காமல் ஊர் சுற்றி ஐநூறு படம் எடுத்தாலும் பதில் கிடைக்காது. வீட்டுச் சுவரில் ஒரு காலைப்பொழுது, பிறகு ஊரில் கொஞ்சம், கடைசியில் மலை. இந்த வரிசையில் போங்கள்.

முதலில் காகித வேலை. பாடியின் அடியில் இருக்கும் சீரியல் எண், பெட்டியில் ஒட்டியிருக்கும் எண், பில்லில் எழுதிய எண், வாரன்டி அட்டையில் உள்ள எண் நான்கும் ஒன்றாக இருக்க வேண்டும். லென்ஸுக்குத் தனி எண் உண்டு, அதையும் பாருங்கள். பில்லில் எண் எழுதாமல் கொடுத்திருந்தால் இன்றைக்கே போய் எழுதி வாங்குங்கள். அடுத்து, ஷட்டர் எத்தனை முறை விழுந்திருக்கிறது என்பது. நிக்கான் அந்த எண்ணிக்கையை ஒவ்வொரு படக் கோப்பிலும் எழுதி வைக்கும். கேனானில் பெரும்பாலான மாடல்களில் இப்படிப் படத்திலிருந்தே எடுக்க முடியாது. கேமராவிலிருந்து நேரே எடுத்த ஒரு ஜேபெக் கோப்பை எக்ஸிஃப்டூல் மென்பொருளில் திறந்தால் ‘ஷட்டர் கவுன்ட்’ என்ற வரி தெரியும். புதுசு என்றால் நீங்கள் எடுத்ததைக் கழித்தபின் மிஞ்சுவது மிகச் சிலதாகத்தான் இருக்க வேண்டும். சில நூறு காட்டினால் ஷோகேஸில் வைத்து வருகிறவர்களுக்கெல்லாம் காட்டிய பீஸ் என்று புரிந்துகொள்ளுங்கள். இந்த ஷட்டர் 1,50,000 முறைக்குச் சோதிக்கப்பட்டது, ஆகவே சில நூறால் ஆயுள் குறையாது. ஆனால் புது விலை கொடுத்திருக்கிறீர்கள், கேட்க உரிமை உண்டு. செட்டப் மெனுவில் பேட்டரி இன்ஃபோ என்ற இடத்தில் பேட்டரியின் வயது 0 முதல் 4 வரை காட்டும். புதுசில் 0 இருக்க வேண்டும்.

வ்யூஃபைண்டருக்குப் பக்கத்தில் ஒரு குட்டிச் சக்கரம் இருக்கும், டயாப்டர். அதைத் திருகும்போது வெளியே தெரியும் மரத்தையோ ஆளையோ பார்க்காதீர்கள். வ்யூஃபைண்டருக்குள் கீழே தெரியும் எண்களும் ஃபோகஸ் புள்ளியும் கூராகத் தெரியும்வரை திருகுங்கள். ‘கண்ணால் பார்க்கும்போதே மங்கல்’ என்கிற புகார்களில் பெரும்பாலானவை இத்தோடு தீர்ந்துவிடும். கண்ணாடி போடுகிறவர்கள் கண்ணாடியோடு ஒரு தடவை, கழற்றி ஒரு தடவை பார்த்துவிட்டு எப்படி எடுக்கப் போகிறோம் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். இந்த டயாப்டர் படத்தை எந்த விதத்திலும் பாதிக்காது.

பிறகு சோதனைக்கான செட்டிங். ரா (கேமரா திருத்தாத மூலக்கோப்பு), ஜேபெக் ஃபைன் இரண்டும் பதிவாகட்டும். ஆக்டிவ் டி-லைட்டிங், ஹை ஐ.எஸ்.ஓ. நாய்ஸ் ரிடக்‌ஷன், விக்னெட் கன்ட்ரோல், ஆட்டோ டிஸ்டார்ஷன் கன்ட்ரோல் எல்லாவற்றையும் ஆஃப் செய்யுங்கள். இவை ஜேபெக் படத்தைப் பூசி மெழுகும். மெழுகாத சுவரில்தான் விரிசல் தெரியும். சோதனை முடிந்ததும் வேண்டியதைத் திரும்ப ஆன் செய்துகொள்ளலாம்.

சென்சாரைப் பார்க்க வெளியே போக வேண்டியதில்லை. லென்ஸ் மூடியைப் போடுங்கள், லென்ஸில் உள்ள ஸ்விட்சை எம்-க்குத் தள்ளுங்கள். இல்லாவிட்டால் ஃபோகஸ் கிடைக்காமல் ஷட்டர் விழாது. மேனுவல் மோடில் ஐ.எஸ்.ஓ. (ஒளியுணர்வு) 100, ஷட்டர் வேகம் 1/60 செகண்ட் வைத்து ஒன்று, ஐ.எஸ்.ஓ. 1600-ல் ஒன்று, பிறகு லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்‌ஷனை ஆஃப் செய்துவிட்டு ஐ.எஸ்.ஓ. 100-ல் 10 செகண்ட் ஒன்று எடுங்கள். கம்ப்யூட்டரில் நூறு சதவீதத்தில் வைத்து மூலைமுதல் மூலைவரை நகர்த்திப் பாருங்கள். 10 செகண்ட் படத்தில் அங்கங்கே சிவப்பு, நீலம், வெள்ளைப் புள்ளிகள் சில தெரிவது எல்லா சென்சாரிலும் உள்ளதுதான், சூடு ஏறினால் கூடும். சேலத்து மே மாதத்தில் எடுத்தால் டிசம்பரைவிட அதிகம் தெரியும். ஆனால் ஐ.எஸ்.ஓ. 100, 1/60 படத்திலேயே ஒரே இடத்தில் ஒரு புள்ளி பளிச்சென்று நின்றால் மாற்றிக் கேட்கலாம், வாரத்துக்குள் தயங்காமல் கேளுங்கள்.

தூசிக்கு வேறு சோதனை. எஃப் 22, ஐ.எஸ்.ஓ. 100, மேனுவல் ஃபோகஸை முடிவிலிக்குத் திருப்பி வைத்து, கைக்கு எட்டும் தூரத்தில் ஒரு வெள்ளைத் தாளை நிரப்பி எடுங்கள். ஷட்டர் மெதுவாக விழுந்தாலும் பரவாயில்லை, கை ஆடினாலும் நல்லதே. தாளில் உள்ள கறை கலங்கிப் போகும், சென்சாரில் உள்ள தூசி மட்டும் அதே இடத்தில் நிற்கும். படத்தில் இடது மேல்மூலையில் தெரிந்தால், லென்ஸைக் கழற்றி முன்னாலிருந்து பார்க்கும்போது சென்சாரின் இடது கீழ்மூலையில் அந்தத் தூசி இருக்கும். வ்யூஃபைண்டரில் மட்டும் தெரிந்து படத்தில் தெரியாத தூசி, ஃபோகஸிங் ஸ்க்ரீனிலோ, லென்ஸுக்குப் பின்னால் ஒளியை வ்யூஃபைண்டருக்குத் திருப்பும் கண்ணாடியிலோ (மிரர்) இருக்கிறது. அதைத் துடைக்கப் போகாதீர்கள், அந்தக் கண்ணாடியின் பூச்சு மேல்பக்கத்திலேயே இருக்கிறது, துணி பட்டாலே கோடு விழும். சென்சார் தூசிக்கு ரப்பர் ப்ளோயர் போதும். பேட்டரி நிறைந்திருக்கும்போது மெனுவில் க்ளீனிங்குக்கான மிரர் லாக்கைப் போட்டு, வாய்ப்பக்கம் கீழே பார்க்கப் பிடித்து ஊதுங்கள். வாயால் ஊதினால் எச்சில் துளி ஒட்டி, ஆயிரம் ரூபாய்ச் செலவை நீங்களே வரவழைத்த மாதிரி ஆகும். புதுக் கேமராவில் ஒன்றிரண்டு தூசி இருப்பது பெரிய விஷயமில்லை. ப்ளோயருக்கும் போகாமல், துடைத்தாலும் திரும்பத் திரும்பச் சேர்கிறதென்றால் அது வேறு கதை. 2012-ல் வந்த நிக்கான் டி600-ல் இப்படித்தான் புள்ளிகள் குவிந்தன. 2014-ல் நிக்கான் நிறுவனமே இலவசமாகப் பார்த்துத் தருவதாக அறிவிக்க வேண்டி வந்தது.

ஷட்டருக்கும் அபர்ச்சருக்கும் (லென்ஸ் துளை) ஒரே வெள்ளைச் சுவர் போதும், ஆனால் இதை டியூப்லைட் வெளிச்சத்தில் செய்யாதீர்கள். பகலில், நேர் வெயில் படாத, மேகம் மாறி மாறி மறைக்காத வேளையில் செய்யுங்கள். எஃப் 5.6-ல் 1/200, எஃப் 8-ல் 1/100, எஃப் 11-ல் 1/50 என்று எடுத்தால் மூன்றும் ஒரே வெளிச்சத்தில் இருக்க வேண்டும். எஃப் எண் கூடக்கூடப் படம் வெளுத்துக்கொண்டே போனால் லென்ஸின் இதழ்கள் சரியாக மூடவில்லை. அடுத்து வெயில் பட்ட சுவரில் 1/8000 வரை வேகத்தைக் கூட்டி, ஐ.எஸ்.ஓ.-வை ஈடுகட்டி எடுங்கள். ஒரு பக்கம் மட்டும் இருட்டு ஏறினால் ஷட்டரின் இரண்டு திரைகளும் ஒரே வேகத்தில் ஓடவில்லை. பாப்-அப் ஃப்ளாஷில் 18 எம்.எம்.-ல் படத்தின் கீழே அரைவட்டமாக நிழல் விழுந்தால் பயப்படாதீர்கள், அது லென்ஸ் ஹுட். கழற்றிவிட்டு எடுங்கள்.

இனி லென்ஸ். நான்கு நாளிதழ்த் தாள்களைச் சுவரின் நான்கு மூலைகளில் வரும்படியும் ஒன்றை நடுவிலும் ஒட்டுங்கள். விளம்பரப் பக்கம் வேண்டாம், பொடி எழுத்து நிறைந்த பக்கம் வேண்டும். ஏல அறிவிப்பும் நீதிமன்ற அறிவிப்பும் உள்ள பக்கத்தைவிட நல்ல டெஸ்ட் சார்ட் காசு கொடுத்தாலும் கிடைக்காது. 18 எம்.எம்.-ல் 2 மீட்டர் தள்ளி நின்றால் ஃப்ரேமுக்குள் விழுவது சுமார் 2.6 மீட்டர் அகலம், 1.7 மீட்டர் உயரம். அதற்கேற்ப ஒட்டுங்கள். கேமரா சுவருக்கு நேராக இருப்பது முக்கியம், கண்மட்டம் போதாது. சுவரின் நடுவில் ஒரு கை அளவுக் கண்ணாடியைத் தட்டையாக ஒட்டி, வ்யூஃபைண்டரில் பார்க்கும்போது உங்கள் லென்ஸின் பிம்பம் நடுமத்தியில் விழும்வரை ட்ரைபாடை நகர்த்துங்கள். அப்போதுதான் நேர்.

ட்ரைபாடில் ஏறியதும் வி.ஆர். (கை நடுக்கத்தை ஈடுகட்டும் வசதி) ஆஃப். மிரர்-அப் மோடில் வைத்தால் முதல் அழுத்தத்தில் கண்ணாடி மேலே போகும், இரண்டாவதில் படம் விழும். நடுவில் இரண்டு செகண்ட் விடுங்கள், கண்ணாடி தட்டிய அதிர்வு அடங்கட்டும். லைவ் வ்யூவில் (பின்திரையில் பார்த்து எடுக்கும் முறை) நடுத்தாளைப் பெரிதாக்கி ஃபோகஸ் செய்து, 18, 50, 140 என மூன்று இடங்களில், ஒவ்வொன்றிலும் முழுத் திறப்பு, எஃப் 8, எஃப் 16 என எடுங்கள். 50-க்கும் 140-க்கும் பின்னால் நகர வேண்டியிருக்கும், இடம் போதாவிட்டால் தாள்களை நெருக்கி ஒட்டுங்கள்.

நடுப்பகுதியைவிட மூலைகள் மெலிதாக இருப்பது இந்த வகை லென்ஸின் குணம். 140-ல் முழுத் திறப்பில் எல்லாமே கொஞ்சம் மென்மையாகத்தான் இருக்கும், எஃப் 8-ல் தேறிவிடும். எஃப் 16-ல் மறுபடி மங்குவதும் இயல்பே. அவ்வளவு சிறிய துளையில் ஒளி விரிந்துபோவதால் வருவது அது, விலை உயர்ந்த லென்ஸிலும் வரும். 18-ல் சுவரின் விளிம்புகள் வெளிப்பக்கம் வளைவதும் உண்டு. பார்க்க வேண்டியது சமச்சீர். நான்கு மூலைகளும் ஒரே அளவுக்கு மங்கினால் சரி. ஒரு மூலையோ ஒரு பக்கமோ மட்டும் குழைந்து, எஃப் 8-லும் தேறவில்லை என்றால் சந்தேகப்படுங்கள். உடனே முடிவுக்கு வராமல் கேமராவைத் தலைகீழாகத் திருப்பி மறுபடி நேர் பார்த்து எடுங்கள். குழைவு ஃப்ரேமின் அதே மூலையிலேயே நின்றால் உள்ளே ஏதோ கோணல். பெரும்பாலும் லென்ஸுக்குள் கண்ணாடி ஒன்று மையம் விலகியிருக்கும். வேறொரு லென்ஸை மாட்டியும் அதே மூலை மங்கினால் பாடியின் மவுன்ட். குழைவு சுவரின் அதே தாளிலேயே நின்றால் சுவரோ நீங்கள் வைத்த கோணமோதான் காரணம். ஜூம் லென்ஸ்களில் இந்த மையம் விலகல் பீஸுக்குப் பீஸ் மாறும். அதனால்தான் இதை முதல் வாரத்திலேயே பார்க்கச் சொல்கிறேன்.

இப்போது டி.எஸ்.எல்.ஆருக்கே உரிய விஷயத்துக்கு வருவோம். வ்யூஃபைண்டர் வழியாக எடுக்கும்போது ஃபோகஸைத் தீர்மானிப்பது சென்சார் அல்ல. பெரிய கண்ணாடியின் நடுப்பகுதி கொஞ்சம் ஒளியைக் கசிய விடும். பின்னால் உள்ள குட்டிக் கண்ணாடி அதை மிரர் பாக்ஸின் அடியிலுள்ள தனி ஏ.எஃப். (ஆட்டோ ஃபோகஸ்) சென்சாருக்கு அனுப்பும். லென்ஸ் மவுன்ட்டிலிருந்து அந்த ஏ.எஃப். சென்சாருக்கு உள்ள தூரமும், படச் சென்சாருக்கு உள்ள தூரமும் அச்சாக ஒன்றாக இருந்தால்தான் ஃபோகஸ் சரியான இடத்தில் விழும். மயிரிழை விலகினாலும் எப்போதும் ஆளுக்கு முன்னாலேயோ பின்னாலேயோ விழும். லைவ் வ்யூவில் இந்தச் சிக்கல் கிடையாது, அங்கே பார்ப்பதே படச் சென்சார்தான். ஆகவே இரண்டையும் ஒப்பிட்டாலே விடை வந்துவிடும்.

ட்ரைபாட், நல்ல பகல் வெளிச்சம், நடுப் புள்ளி மட்டும், ஏ.எஃப்-எஸ் (ஒருமுறை பிடித்து நிற்கும் ஃபோகஸ்), முழுத் திறப்பு. ஃபோகல் நீளத்தின் சுமார் 50 மடங்கு தூரம் நல்ல கணக்கு. 140-க்கு 7 மீட்டர், 50-க்கு 2.5 மீட்டர். நேராக நிறுத்திய அட்டை ஒன்றில் பொடி எழுத்துத் தாளை ஒட்டி, பக்கத்திலேயே ஒரு ஸ்கேலை 45 டிகிரி சாய்த்து வையுங்கள். ஃபோகஸ் செய்வது நேர்த் தாளில், படிப்பது சாய்ந்த ஸ்கேலில். சாய்ந்த ஸ்கேலிலேயே ஃபோகஸ் செய்கிறவர்கள் நிறைய. அது தப்பு, ஏ.எஃப். புள்ளி வ்யூஃபைண்டரில் தெரியும் சதுரத்தைவிடக் கொஞ்சம் பெரிய இடத்தைப் பார்க்கும், எந்தக் கோட்டைப் பிடித்தது என்று தெரியாது. ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் ஃபோகஸ் வளையத்தைத் திருகிக் கலைத்துவிடுங்கள், பாதிப் படங்களுக்கு முடிவிலிப் பக்கம், பாதிக்கு கிட்டப் பக்கம். வ்யூஃபைண்டரில் பத்து, லைவ் வ்யூவில் மூன்று. பத்தில் எட்டு, ஒன்பது லைவ் வ்யூவுக்கு நெருக்கமாக இருந்தால் விட்டுவிடுங்கள். சில முன்னாலும் சில பின்னாலும் சிதறினால் வெளிச்சமோ இலக்கோ சரியில்லை. எல்லாமே ஒரே பக்கம் தள்ளி விழுந்தால்தான் திருத்தம் வேண்டும்.

டி7500-ல் அந்தத் திருத்தத்தை நீங்களே செய்யலாம். மெனுவில் ஏ.எஃப். ஃபைன் டியூன், மைனஸ் 20 முதல் ப்ளஸ் 20 வரை. ஃபோகஸ் ஆளுக்கு முன்னால் விழுந்தால் ப்ளஸ், பின்னால் விழுந்தால் மைனஸ். தானாகச் செய்யும் வழியும் உண்டு. லைவ் வ்யூவில் நடுப் புள்ளியால் ஃபோகஸ் செய்து பெரிதாக்கிச் சரிபார்த்து, ஏ.எஃப். மோட் பட்டனை அழுத்தியபடி வீடியோ ரெகார்ட் பட்டனை இரண்டு செகண்டுக்கு மேல் பிடியுங்கள். கேமரா இரண்டு முறைகளையும் ஒப்பிட்டு ஒரு எண்ணைச் சேமிக்கும். மூன்று நான்கு தடவை ஓட்டி, வரும் எண்களின் நடுவில் உள்ளதை வைத்துக்கொள்ளுங்கள், ஒரே தடவை வந்ததை நம்ப வேண்டாம். ஒரு லென்ஸுக்கு ஒரு எண்தான், ஜூமின் இரு முனைகளுக்கும் தனித்தனியாகக் கிடையாது. 140-ல் சரிசெய்தால் 18-ல் கொஞ்சம் மாறலாம். ஆனால் 18-ல் தெளிவு விழும் ஆழம் அதிகம், தப்பு தெரியாது. ஆகவே 140 பக்கத்துக்கே முன்னுரிமை. ப்ளஸ்-மைனஸ் 10-ஐத் தாண்டினால் எண்ணைப் போட்டுச் சமாளிக்காதீர்கள், மாற்றித் தரச் சொல்லுங்கள். கேனான் 1500டி, நிக்கான் டி3500 மாதிரி ஆரம்ப மாடல்களில் இந்த வசதியே இல்லை. அவற்றில் தள்ளி விழுந்தால் கடை அல்லது சர்வீஸ் சென்டர்தான் வழி.

வீட்டுச் சோதனை முடிந்துவிட்டதென்றால் ஊருக்குள் வரலாம். செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு வேலை செய்யும் உறவினரோ நண்பரோ இருந்தால், பட்டறையில் அரைமணி நேரம் கேளுங்கள். மீட்டரிங்கை, அதாவது கேமரா வெளிச்சத்தை அளக்கும் விதத்தை, சோதிக்க அதைவிட நல்ல பொருள் இல்லை. கொலுசின் ஒவ்வொரு முத்திலும் ஒரு டியூப்லைட் தெரியும். ஹைலைட் எச்சரிக்கையை ஆன் செய்தால் பிளேபேக்கில் மினுக்கும். ஊசிமுனை அளவு மினுக்கல் இருந்துவிட்டுப் போகட்டும், அது வெள்ளியின் பளபளப்பு. பட்டை பட்டையாக மினுக்கினால்தான் விவரம் போய்விட்டது. முதலில் மேட்ரிக்ஸில் (ஃப்ரேம் முழுவதையும் அளக்கும் முறை), பிறகு ஹைலைட்-வெயிட்டட் மீட்டரிங்கில் எடுத்து ஒப்பிடுங்கள். இரண்டாவது வேண்டுமென்றே இருட்டாக எடுக்கும், ரா கோப்பில் தூக்கிக்கொள்ளத் தோதாக.

அதே பட்டறையில், துணிக்கடையில், கல்யாண மண்டபத்தில் இன்னொரு விஷயம் மாட்டும். நம் கரன்ட் 50 ஹெர்ட்ஸ், அதனால் டியூப்லைட்டும் மலிவான எல்.இ.டி.-யும் செகண்டுக்கு 100 தடவை மங்கி எரியும். 1/500-ல் தொடர்ந்து பத்துப் படம் எடுத்துப் பாருங்கள், ஒன்று வெளுப்பு, ஒன்று மஞ்சள், ஒன்று பாதி இருட்டு என்று வரும். பலர் ஷட்டர் போய்விட்டது என்று கடைக்கு ஓடுவது இதைப் பார்த்துத்தான். 1/100 அல்லது 1/50-ல் எடுத்தால் மறைந்துவிடும். வேகம் வேண்டுமென்றால் மெனுவில் ஃப்ளிக்கர் ரிடக்‌ஷனை ஆன் செய்யுங்கள். விளக்கு உச்சத்தில் இருக்கும் கணத்துக்காகக் கேமரா காத்திருந்து ஷட்டரை விடும், தொடர்ச்சி வேகம் கொஞ்சம் குறையலாம்.

ஆத்தூர் ரோட்டில் சேகோ ஃபேக்டரிகளின் களத்தில் ஜவ்வரிசி காயும் நாளில், அனுமதி கேட்டு ஒரு படம் எடுத்தால் எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் (படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி) எதற்கு என்று ஒரே படத்தில் புரிந்துவிடும். மீட்டருக்கு வெள்ளை என்று தெரியாது. எதைக் காட்டினாலும் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். வெள்ளைவெளேர் என்ற களம் படத்தில் அழுக்கு வேட்டி நிறத்தில் வரும். ப்ளஸ் 1-லிருந்து ஆரம்பித்து ஹிஸ்டோகிராம் (இருட்டு முதல் வெளிச்சம் வரை படத்தில் எவ்வளவு என்று காட்டும் வரைபடம்) வலது ஓரத்தைத் தொடாமல் நெருங்கும்வரை கூட்டுங்கள். “முதல் நாள் படங்கள் இருட்டு” என்று நீங்கள் சொன்னதற்கும் பெரும்பாலும் காரணம் இதுவே. வெள்ளைச் சட்டையோ வெளுத்த வானமோ ஃப்ரேமில் பாதிக்கு மேல் இருந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். மலை ஏறும் முன் அடிவாரத்துக்குப் பக்கம் குரும்பப்பட்டி உயிரியல் பூங்காவில் ஒரு மணி நேரம் ஒதுக்கினால், ஓடும் பொருளுக்கான ஏ.எஃப்-சி (விடாமல் தொடரும் ஃபோகஸ்) சோதனை முடிந்துவிடும். மான் நடக்கும்போது 140-ல், 1/500-க்குக் குறையாமல், டைனமிக் ஏரியா 9 அல்லது 21 புள்ளியில் தொடர்ச்சியாக எடுங்கள். ஆட்டோ ஏரியா வேண்டாம், அது பெரும்பாலும் கிட்ட இருப்பதைப் பிடிக்கும், இங்கே கிட்ட இருப்பது கம்பி வலை. வலையை ஒட்டி நின்று, ஒரே புள்ளியை வலைக்கண்ணுக்கு நடுவில் விட்டால் கம்பி கரைந்துபோகும். ஏ.எஃப்-சியில் எல்லாப் படமும் தெளிவாக வராது. பத்துக்கு ஏழு தேறினால் கேமரா நன்றாகவே வேலை செய்கிறது. மலைப்பாதையில் பஸ் திரும்புவதை எடுக்கலாம் என்று 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏதாவது ஒன்றில் வண்டியை நிறுத்தாதீர்கள், ஏறி வருகிறவனுக்கு இடம் வேண்டும்.

ஏற்காட்டில் முதல் சோதனை காப்பித் தோட்டம். சில்வர் ஓக் நிழலில் காப்பிச் செடி, இலைகளுக்கு நடுவே வெயில் பொட்டுப் பொட்டாக விழும். வெயில் பொட்டுக்கும் நிழலுக்கும் உள்ள வித்தியாசம் மொபைலைத் திணற வைக்கும், டி.எஸ்.எல்.ஆருக்கு இது சொந்த மைதானம். வெளிச்சமான இடம் வெளுக்காதபடி எக்ஸ்போஷர் குறைத்து ரா-வில் எடுத்து, வீட்டுக்கு வந்து நிழலை 3 ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் இரு மடங்கு வெளிச்சம்) தூக்கிப் பாருங்கள். ஐ.எஸ்.ஓ. 100-ல் எடுத்திருந்தால் நிழலுக்குள் இலை நரம்பு தெரிய வேண்டும், கோடு கோடாகப் பட்டை விழக்கூடாது. பழம் சிவந்திருக்கும் பருவம் என்றால் இன்னொன்றும் பாருங்கள். மொத்த ஹிஸ்டோகிராம் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் ஆர்.ஜி.பி. ஹிஸ்டோகிராமில் சிவப்பு மட்டும் வலது சுவரில் முட்டி நிற்கும். பழம் பிளாஸ்டிக் மாதிரி தட்டையாக வருவது அதனால்தான். மைனஸ் 0.7 போட்டால் உருண்டை திரும்பி வரும். காகிதப்பூவுக்கும் இதே கதை.

பனிமூட்டம் இறங்கினால் மீட்டர் மறுபடி சேகோ களம் போலவே ஏமாறும், ப்ளஸ் 0.7 முதல் 1 வரை. ஃபோகஸ் முன்னும் பின்னும் ஓடி நிற்க மறுத்தால் கோளாறில்லை, பிடிக்க மாறுபட்ட கோடு எதுவும் பனிக்குள் இல்லை. நடுப் புள்ளியைத் தண்டு, கம்பம், கூரை விளிம்பு என்று ஒரு செங்குத்துக் கோட்டில் வையுங்கள். இந்த லென்ஸ் ஜூம் செய்யும்போது குழாய் வெளியே நீளும், உள்ளே இழுக்கும்போது அதன்மேல் படிந்த ஈரமும் சேர்ந்து உள்ளே போகும். துடைத்துவிட்டுச் சுருக்குங்கள்.

சாயங்காலம் லேடீஸ் சீட். கீழே சேலம் விளக்குகள் எரியத் தொடங்கி, வானத்தில் நீலம் இன்னும் மிச்சமிருக்கும் இருபது நிமிடம்தான் கணக்கு. முழு இருட்டில் எடுத்தால் கறுப்பில் புள்ளிகள் மட்டும் மிஞ்சும். ட்ரைபாடின் நடுக்கம்பை உயர்த்தாமல், வி.ஆர். ஆஃப், எஃப் 8, ஐ.எஸ்.ஓ. 100, 10-லிருந்து 20 செகண்ட். ஃபோகஸை லைவ் வ்யூவில் ஒரு தெருவிளக்கைப் பெரிதாக்கிக் கையால் வையுங்கள். மலை விளிம்பில் காற்று அடிக்கும், பையை ட்ரைபாடில் தொங்க விட்டால் அது ஊசலாடிக் காரியத்தைக் கெடுக்கும், தரையைத் தொட்டபடி கட்டுங்கள். டி.எஸ்.எல்.ஆரில் பலர் மறப்பது ஐபீஸ் மூடி. கண்ணை எடுத்ததும் பின்னாலிருக்கும் டீக்கடை வெளிச்சம் வ்யூஃபைண்டர் வழியாக மீட்டருக்குள் போய்க் கணக்கைக் குழப்பும். மேனுவலில் எடுத்தால் அந்தக் கவலை இல்லை. லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்‌ஷன் ஆனில் இருந்தால் 20 செகண்ட் படத்துக்குப் பிறகு இன்னொரு 20 செகண்ட் கேமரா எதற்கும் அசையாது. மூடிய ஷட்டரோடு ஒரு கறுப்புப் படம் எடுத்துக் கழித்துக்கொண்டிருக்கிறது. ஹேங் ஆகிவிட்டது என்று பேட்டரியை உருவிவிடாதீர்கள்.

இறங்கும்போதுதான் ஆபத்து. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர், சேலம் 300-க்கும் கீழே. அடிவாரத்துக்கும் மேலுக்கும் எட்டு டிகிரி வரை வித்தியாசம் இருக்கும். குளிர்ந்த கேமராவை மழைக்கால சேலத்தின் வெதுவெதுப்பான ஈரக்காற்றில் திறந்தால் லென்ஸின் மேல் மட்டுமல்ல, உள்ளே கண்ணாடியிலும் நீர் பூக்கும். ஏ.சி. காரில் வந்தாலும் அதேதான். மேலேயே பையை இறுக்க மூடிவிட்டு, வீட்டுக்கு வந்து முக்கால் மணி நேரம் கழித்துத் திறங்கள். பிறகு ரப்பர் மூடி உள்ள காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைக்கலாம். ஈரப்பதம் 40-லிருந்து 50 சதவீதத்துக்குள் இருந்தால் லென்ஸில் பூஞ்சை பிடிக்காது. தோல் பையில் போட்டு பீரோவுக்குள் பூட்டி வைப்பதுதான் பூஞ்சைக்குப் பிடித்த இடம்.

நாய்ஸ் பற்றி: ஐ.எஸ்.ஓ. 3200 வரை யோசிக்காமல் போகலாம், 6400 கல்யாண மண்டபத்தில் தாராளமாகப் பயன்படும், அதற்கு மேல் அவசரத்துக்கு. நூறு சதவீதத்தில் பெரிதாக்கிப் பார்த்து வருந்த வேண்டியதில்லை. டி7500 கொடுப்பது 5568 × 3712 பிக்சல். நம் ஊர் 12×36 ஆல்பத்தில் ஒரு பக்கம் 12×18 அங்குலம். 300 டி.பி.ஐ.-ல் அதற்கு 5400 × 3600 போதும். அந்த அளவில் அச்சிட்டு ஒரு கை தூரத்தில் வைத்துப் பாருங்கள். லைவ் வ்யூவில் ஃபோகஸ் மெதுவாகத்தான் இருக்கும், இந்தத் தலைமுறை டி.எஸ்.எல்.ஆரின் குணம் அது. 4கே வீடியோவில் ஃப்ரேம் மேலும் 1.5 மடங்கு சுருங்கும். 18 எம்.எம். ஃபுல் ஃப்ரேம் கணக்கில் 40 போல ஆகிவிடும், சின்ன அறையில் கஷ்டம். வீடியோதான் முக்கிய வேலை என்றால் இந்தக் கேமராவை மாற்றிக் கேட்பதற்கு அது நியாயமான காரணம், ஆனால் பழுது என்று சொல்லிக் கேட்க முடியாது.

ஏதாவது நிஜமாகவே மாட்டினால் கடைக்குப் போகும்போது கேமரா, லென்ஸ், பெட்டி, பில்லோடு அந்தச் சோதனையின் ரா கோப்புகளையும் மெமரி கார்டிலேயே அழிக்காமல் கொண்டுபோங்கள். தலைகீழாக எடுத்த சுவர்ப் படம், லைவ் வ்யூவையும் வ்யூஃபைண்டரையும் ஒப்பிட்ட ஜோடி, மூடி போட்டு எடுத்த கறுப்புப் படம், இதில் எது பொருந்துகிறதோ அது. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும், எடுத்த விவரங்களும் அழிந்துவிடும். அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள்.